மைமூன் லாத்தாவின் இரண்டு மாத பர்மிட்

கராச்சிக் கப்பலிலிருந்து மைமூன் பம்பாயில் இறங்கியபோது கூடவே ஒரு தையல் மிஷினும் இறங்கியது. மிஷினுக்குப் பின்னால் ஓர் அம்மி வந்தது. அம்மிக்குப் பின்னால் பித்தளை அண்டா, அண்டாவுக்குள் சுருட்டித் திணித்த இரண்டு பாய், ஒரு துணி மூட்டை. கூலிக்காரன் மூன்று நடை நடந்து, முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைத்தான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மன்சூர் அலி ஒவ்வொன்றாக எண்ணினான். இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போக வருகிற எவளாவது அம்மியைத் தூக்கிக்கொண்டு வருவாளா?

“என்ன தம்பி, இப்படி எளச்சுப் போயிட்டே?” என்றுதான் முதலில் கேட்டாள். பத்து வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பார்க்கிறாள். அவன் கன்னத்தைத் தடவிய கையை எடுக்கவே இல்லை. “அங்கே இனிமே எனக்கு ஒரு துரும்புகூடக் கிடையாது. ரூமை விட்டுக் கொடுத்துட்டேன். கட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். இந்த அம்மி வாப்பா வாங்கித் தந்தது, அதை விட்டுட்டு வர மனசில்ல. இனி மௌத்தானாலும் உன் வீட்டு வாசல்லதான்.”

மன்சூர் அலி சிரித்தான். அன்றைக்கு ஏன் சிரித்தோம் என்று பின்னால் எத்தனையோ நாள் தன்னைத்தானே வைதுகொண்டிருக்கிறான். அந்த இடத்திலேயே, கூலிக்காரனுக்கு முன்னாலேயே, “லாத்தா, இது ரெண்டு மாசத்துக்குத்தான்” என்று சொல்லியிருக்கலாம். சிரிப்புத்தான் வந்தது.

அவள் கைப்பைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த பர்மிட்டில் எல்லாம் தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. தற்காலிக வருகை. இரண்டு மாதம். எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்பதும் இருந்தது. ஆனால் அது இங்கிலீஷ். மைமூன் படிக்கத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குர்ஆன் முழுசும் ஓதுவாள். கடிதம் எழுதுவாள். தமிழைத்தான் எழுதுவாள், ஆனால் அரபு எழுத்தில் எழுதுவாள். சொந்த ஊரான மேலப்பாளையத்தில் பெண்பிள்ளைகள் ஓதப் போகிற இடத்தில் கற்றுக்கொள்கிற எழுத்து அது. தமிழ் எழுத்து அவளுக்குத் தகராறு. இங்கிலீஷுக்கு எங்கே போவாள்? தம்பி ஏற்பாடு செய்த தாள், தம்பி வரச்சொன்ன ஊர். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது.

மன்சூர் அலி தாராவியில் ஒரு தோல் கிட்டங்கியில் தரம் பிரிக்கிறவன். பதனிட்டு வருகிற ஆட்டுத் தோலை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஓட்டிப் பார்த்து, இது ஒண்ணாம் நம்பர், இது மூணாம் நம்பர், இதில் கத்தி பட்டிருக்கிறது என்று ஒதுக்கித் தள்ளுகிற வேலை. தாராவித் தோல் வேலையிலேயே மேலான வேலை இதுதான். கீழான வேலை சுண்ணாம்புத் தொட்டி. அதில் இறங்குகிறவனின் கைவிரல் இடுக்குகள் புண்ணாகிப் பொத்துப்போகும், சோற்றைப் பிசைய முடியாது. அவர்களுடைய வாப்பா அந்தத் தொட்டியில்தான் பாடுபட்டு, இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அப்போது மன்சூருக்குப் பதின்மூன்று வயது. மறுநாளே அவனைத் தொட்டிக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. மைமூன் விடவில்லை. “அவன் கை வெந்துபோறதைப் பாக்கத்தான் நான் இருக்கேனா?” என்றாள். தோல் ஷாப்புக்காரர்கள் ஆறு பேருக்கு இரண்டு வேளையும் சோறாக்கிப் போட்டாள். ஒன்பது வருஷம் அதே அடுப்படி. கல்யாண வயசு வந்தது, போனது. இருபத்தேழில்தான் கராச்சித் தோல் கிட்டங்கியில் வேலை பார்த்த ஒருவருக்கு நிக்காஹ் ஆகிப் போனாள். பிள்ளை இல்லை. இன்றைக்கும் மன்சூர் அலியின் கை வழவழவென்றுதான் இருக்கும். அந்தக் கைதான் பிறகு ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டது.

அவள் புருஷன் நாற்பத்தெட்டு மே மாதம் டைபாய்டில் இறந்தார். விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்த பிறகு மைமூன் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினாள். வழக்கம் போல அரபு எழுத்தில். அந்தக் கடிதம் மன்சூர் கையில் வருவதற்கு முன்னால் போலீஸ் கையில் போய்ச் சேர்ந்தது. கராச்சி முத்திரையோடு வருகிற எதையும் உற்றுப் பார்க்கிற காலம் அது. உருது என்று நினைத்து உருது முன்ஷியிடம் கொடுத்திருக்கிறார்கள். அவரால் எழுத்துக்களை வாசிக்க முடிகிறது, ஒரு சொல்லுக்கும் பொருள் கிடைக்கவில்லை. இன்னொரு முன்ஷியைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் அப்படியே. அப்புறம் என்ன, சங்கேத பாஷை என்று முடிவுகட்டிவிட்டார்கள். மன்சூர் அலி வேலைபார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கே இரண்டு பேர் வந்து, எல்லோரும் பார்க்க, போலீஸ் சௌக்கிக்கு இழுத்துப் போனார்கள்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை பெஞ்சியில் உட்கார்த்தி வைத்தார்கள். கடைசியில் சுயம்பு அண்ணாச்சிதான் வந்து மீட்டார். உடன்குடிப் பக்கத்து மனிதர். மாட்டுங்கா தபாலாபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர். பக்கத்து வரிசையில் குடியிருப்பு. அவர் சொன்ன யோசனைப்படி இன்ஸ்பெக்டருக்கு முன்னால் மன்சூர் கடிதத்தை வாசித்தான், அண்ணாச்சி வரிக்கு வரி இங்கிலீஷில் சொன்னார். ‘அன்புள்ள தம்பிக்கு லாத்தா துஆவுடன் எழுதுவது. எனக்கு இங்கே யாரும் இல்லை. நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் போயிட்டாங்க. குழாயடியிலகூட தமிழ் பேச ஆள் இல்லை. என்னை அங்கே கூப்பிட்டுக்கோ. மூலையில ஒரு பாய் விரிக்க இடம் குடுத்தாப் போதும். புளி நல்லதாக் கிடைச்சா வாங்கி வை.’ இன்ஸ்பெக்டர் புளி என்ற இடத்தில் சிரித்துவிட்டார். போ என்று விட்டுவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சி உட்பட. மன்சூர் அலியும் சிரித்தான். ஆனால் அவனுக்கு அன்றைக்கு விட்டுப்போன உயிர் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் கிட்டங்கி முதலாளி கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடுகிறவரில்லை. “மன்சூர், அடுத்த வருஷம் உன்னை மேஸ்திரி ஆக்கலாம்னு இருந்தேன். போலீஸ் கால் இன்னொரு தடவை இங்கே படாமப் பார்த்துக்கோ” என்றார். அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் பர்மிட் வாங்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் பாதியில் வந்த முறை அது. அதற்கு முன் பம்பாய்க்காரர்களுக்குக் கராச்சி என்பது கப்பலேறிப் போய்விட்டு வருகிற இன்னொரு ஊர். இப்போது கூடப்பிறந்த அக்காவே வெளிநாட்டுக்காரி. பர்மிட்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு. இன்னொன்று, வந்து இங்கேயே குடியிருப்பதற்கு. முதலாவது சுளுவு, இங்கே இருக்கிற சொந்தக்காரன் பொறுப்பேற்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். இரண்டாவதற்குப் போலீஸ் விசாரணை. வீட்டுக்கு வருவார்கள், வேலை பார்க்கிற இடத்துக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும். கிடைக்கவும் செய்யலாம், இல்லை என்றும் வரலாம்.

“வே, நிரந்தரத்துக்கே போடும்” என்றார் சுயம்பு. மேஜையில் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். “இழுத்தா இழுக்கட்டும். அங்க ரூமு இருக்கு, மிஷின் இருக்கு, தச்சுப் பொழைக்கா. ஆறு மாசம் பொறுக்க மாட்டாளா?”

“இல்ல அண்ணாச்சி. முதல்ல வந்து சேரட்டும். பெறவு இங்கன இருந்து மாத்திக்கிடலாம்.”

“மாத்த முடியாதுன்னா?”

“முடியும்ங்காங்க.”

“யாருங்கா?”

யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. கிட்டங்கி வாசலில் காக்கி உடுப்பு நிற்பதுதான் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி ஏதாவது வழி சொல்லியிருப்பார். முதலாளியிடம் தானே வந்து பேசியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். முப்பத்துமூன்று வயது ஆண்பிள்ளை, லாத்தாவுக்காக ஒரு போலீஸ்காரனுக்கு முன்னால் நிற்கப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் கெட்டிக்காரன் போலப் பேசினான்.

சுயம்பு வேலை செய்கிற முறை ஊருக்கே தெரியும். முதலில் பென்சிலில் எழுதுவார். தமிழில் சொல்லிக் காட்டுவார். சரியா என்று கேட்பார். ஆமாம் என்ற பிறகுதான் மைப்பேனாவைத் தொடுவார். எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான் என்று இருபது வருஷத்தில் ஒருத்தன் அவர் மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை.

“‘என்னைப் பார்த்துவிட்டுப் போக மட்டுமே வருகிறாள். குறித்த நாளில் திருப்பி அனுப்ப நான் பொறுப்பு.’ இப்படி வருது. சரியா?”

“சரி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்.”

“சரி அண்ணாச்சி. மை போடுங்க.”

மை போட்டார். மன்சூர் கையெழுத்துப் போட்டான். கூடவே லாத்தாவுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். அரபு எழுத்துக்கு இனி ஏழு ஜென்மத்துக்கும் கும்பிடு. அண்ணாச்சியை விட்டு இங்கிலீஷில் இரண்டே வரி எழுதச் சொன்னான். கராச்சியில் பக்கத்து வீட்டுக் கோவாக்காரர் அவளுக்கு வாசித்துச் சொல்லுவார். ‘பர்மிட்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. புறப்பட்டு வரவும்.’ எத்தனை நாளைக்கு என்று எழுத வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். அதை நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றான் மன்சூர்.

நேரில் என்ன சொன்னான் என்பதைத்தான் பார்த்தோமே.

வந்த மூன்றாம் நாளே மைமூன் அந்த ஒற்றை அறையில் ஐம்பது வருஷம் இருந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். ஜன்னலடியில் மிஷின், வாசலடியில் அம்மி. மன்சூரின் மனைவி ரஷீதாவுக்கு நாத்தனார் வந்ததில் முகம் கொள்ளாத சந்தோஷம். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்து உழன்றவள் அவள். “மைனி வந்த பெறவுதான் நான் உக்காந்து சோறு திங்கேன்” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மாமியின் மடியை விட்டு இறங்கவில்லை. பத்து நாளில் தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வாசலில் நின்றார்கள். மைமூன் தைத்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். கராச்சியில் ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த தமிழையெல்லாம் கொட்டித் தீர்க்கிறாள் என்று ரஷீதா கேலி செய்தாள்.

இந்தச் சந்தோஷமெல்லாம் மன்சூர் அலிக்கு நெருஞ்சி முள்ளாக இருந்தது. கிட்டங்கியிலிருந்து வந்தால் வீட்டுக்குள் நுழையப் பிடிக்கவில்லை. மிஷின் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். கேட்டதும் அப்படியே திரும்பி மாட்டுங்கா வரைக்கும் நடந்துவிட்டு வருவான்.

“மைனி பேரை ரேஷன் கார்டுல ஏத்திட்டீங்களா?” என்று ரஷீதா தினம் கேட்டாள். ஏற்றியிருந்தான், வந்துபோகிறவர்களுக்குக் கொடுக்கிற தற்காலிக அட்டையில். அதைக் கையில் கொடுக்காமல் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தானே போய் அரிசி வாங்கி வந்தான். “எதுக்கு நீ கியூவுல நிக்கணும்? நான் போறேனே” என்றாள் மைமூன். “வேண்டாம் லாத்தா, வெயிலு” என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி எப்படித் தாங்குகிறான் என்று அன்றைக்கு முழுக்க ரஷீதாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஆறாவது வாரம் அவனால் தாங்க முடியவில்லை. கிட்டங்கிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சுயம்பு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு பர்மிட் ஆபீசுக்குப் போனான். மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார். தற்காலிக பர்மிட்டில் வந்தவர்கள் இங்கே இருந்துகொண்டு நிரந்தரத்துக்கு மாற்ற முடியாது. திரும்பிப் போய், அங்கே இருந்து புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். ஒரு முறை தற்காலிகத்தில் வந்துபோனவர்களுக்கு நிரந்தரம் கிடைப்பதும் கஷ்டம். “முதல்லயே நிரந்தரத்துக்குக் கேட்டிருக்க வேண்டியதுதானே? விதவை, கூடப்பிறந்தவன் இங்கே வேலையில இருக்கான். இந்த மாதிரிக் கேஸ்ல பெரும்பாலும் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார்.

கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். மன்சூர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அண்ணாச்சிக்கு வாயில் வந்திருக்கும், மென்று விழுங்கிவிட்டார். தெருவுக்கு வந்த பிறகு, “இன்னைக்கே சொல்லிரும் வே. இன்னும் ரெண்டு வாரந்தான் கிடக்கு. அங்க தங்க ஒரு எடம் பாக்கணும்லா அவ” என்றார்.

அன்று சாயங்காலம் சொல்லத்தான் போனான். வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ‘லாத்தா, நான் பயந்துட்டேன். என் வேலை போயிருமேன்னு பயந்து, உனக்கு ரெண்டு மாசத்துக்குத்தான் எழுதிக் குடுத்தேன்.’ சின்ன வாக்கியம்தான். பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மைமூன் சின்ன மகளுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். நோன்புப் பெருநாளுக்கு. பெருநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. மன்சூர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பர்மிட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“லாத்தா, இந்தப் பர்மிட்டு ரெண்டு மாசத்துக்குள்ளது. அடுத்த மாசம் நாலாம் தேதி நீ திரும்பிப் போயாகணும்.”

மிஷின் நின்றது. அடுப்படியிலிருந்து ரஷீதா எட்டிப் பார்த்தாள்.

மைமூன் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “நீ இங்கேயே இருக்கத்தானே கேட்டே? அவங்க முடியாதுன்னுட்டாங்களா?”

அல்லாவின் மேல் ஆணையாக அவன் உண்மையைச் சொல்லத்தான் வந்தான். ஆனால் அவளே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டாள். அதில் நுழைவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

“ஆமா லாத்தா” என்றான். “கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க.”

“இன்னைக்குக்கூட அதுக்குத்தான் போனியா? வேலையை விட்டுட்டு?”

“ஆமா.”

மைமூன் அழுதாள். அதுகூடக் கொஞ்ச நேரம்தான். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் தேற்ற ஆரம்பித்தாள். தேற்ற வேண்டியது யார், தேற்றுகிறவள் யார்? “நீ என்ன செய்வே? உன்னால முடிஞ்சதைச் செஞ்சே. அதுக்காகத்தான் இத்தனை நாளா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சியா? நான் ரஷீதாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன், தம்பிக்கு என்ன கவலைன்னு.” அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்து, பொய் சொன்னேன் என்று சொல்ல இன்னொரு சந்தர்ப்பம் அது. அதுவும் போயிற்று.

மறுநாளிலிருந்து தெருவெல்லாம் அவள் பேச்சு இதுதான். “எந்தம்பி எனக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சான். அந்தப் பாவிங்க மனசு இரங்கல.” வருகிறவர் போகிறவர் எல்லோரும் மன்சூர் அலியைப் பார்த்து, நீயும் எவ்வளவுதான் செய்வே என்றார்கள். கிட்டங்கியில்கூடச் சொன்னார்கள். அவன் தோலை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இல்லாத கீறலைத் தேடிக்கொண்டு நின்றான். ரஷீதா மட்டும் ஒரு நாள் கேட்டாள். “மைனிக்கு முதல்லயே ரெண்டு மாசம்னு தெரிஞ்சிருந்தா ரூமை விட்டுருக்க மாட்டாங்களே. நீங்க ஏன் முன்னாடியே எழுதல?” கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்று பூசி மெழுகினான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

கராச்சியில் அவளுக்கு இப்போது வீடு இல்லை. கட்டிலை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி ஒரு மூலையில் இடம் கொடுத்தால்தான் உண்டு. கோவாக்காரர் பெயருக்கு ஒரு கடிதம் போனது. பதில் வருவதற்குள் புறப்பட வேண்டிய நாள் வந்துவிட்டது.

அம்மியை ரஷீதாவிடம் கொடுத்துவிட்டாள். தையல் மிஷினை விட முடியாது, அங்கே போய்ப் பிழைக்க வேண்டுமே. சுயம்பு அண்ணாச்சி அன்றைக்குத் தன் மேஜையைப் போடவில்லை. மிஷினின் மேல்பாகத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு அவரும் வந்தார். பிள்ளைகள் அழும் என்று ரஷீதா வீட்டில் நின்றுகொண்டாள்.

பயணிகளின் தாள்களைச் சரிபார்க்கிற இடத்தில் பெரிய வரிசை. மேஜைக்குப் பின்னால் நடுத்தர வயசு மராட்டி அதிகாரி ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மைமூனின் முறை வந்தது. பர்மிட்டை நீட்டினாள். அதிகாரி தன்னிடம் வந்திருந்த அவளுடைய காகிதக் கட்டிலிருந்து இன்னும் இரண்டு தாளை எடுத்து, அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அவள் பேசாமல் இருந்திருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். அவளால் இருக்க முடியவில்லை. பம்பாய் இந்தியில் ஆரம்பித்தாள், கோபமாக இல்லை, முறையிடுகிற மாதிரி.

“சாகேப், என் தம்பி எத்தனை தடவை கேட்டான். என்னை இங்கேயே வெச்சுக்கிறேன்னு எழுதிக் கொடுத்தான். நீங்க முடியாதுன்னுட்டீங்க. அங்கே எனக்கு யார் இருக்கா? ஒரு தடவை சரின்னு சொல்லியிருக்கலாமே.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வரிசை நகரக் காத்திருந்தது. ஆனாலும் அவருக்கு அது உறைத்துவிட்டது. கட்டியிருந்த நூலை அவிழ்த்து, அடியிலிருந்த கடிதத்தை வெளியே எடுத்தார்.

“யாரம்மா முடியாதுன்னு சொன்னது? யாரும் கேட்கவே இல்லையே. ‘என்னைப் பார்த்துவிட்டுப் போக மட்டும் வருகிறாள், குறித்த நாளில் திருப்பி அனுப்ப நான் பொறுப்பு’ன்னு உன் தம்பிதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான். இதோ.” தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அந்தக் கையெழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மன்சூர் அலி என்று எழுதக் கற்றுக்கொள்ள அவனை இரவுப் பள்ளிக்கு அனுப்பியவளே அவள்தான். கையெழுத்தைப் பார்த்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்து மன்சூர் அலி சொன்னது இது.

“எனக்கு இங்கிலீஷ் ஏது லாத்தா? அண்ணாச்சி எழுதினாரு. நான் கையெழுத்து மட்டுந்தான் போட்டேன்.”

சுயம்பு தோளிலிருந்த மிஷினை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார். மன்சூர் அவர் பக்கம் திரும்பவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அந்த மேஜையடியிலேயே உடைந்து கொட்டியிருக்கும். கப்பலேறப் போகிறவளுக்கு இந்த ஊரில் இருக்கிறது ஒரே ஒரு தம்பி. அவரோ தெருவில் மேஜை போட்டு எழுதுகிற ஆள். அதைத்தான் நினைத்தாரோ என்னவோ.

“ஆமா தாயி” என்றார். “எந்தப்புதான். அவசரத்துல படிவம் மாறிப் போச்சு. மன்னிச்சுக்கிடுங்க.”

மைமூன் அவரை நிதானமாகப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் குரல் உயரவே இல்லை.

“விடுங்க அண்ணாச்சி. நீங்க என்ன செய்வீங்க, பிறத்தியாரு. அடுத்த வீட்டுப் பொம்பள எங்க போனா உங்களுக்கு என்ன? கூடப்பிறந்தவன் கையா இருந்தா இப்படி எழுத வருமா?”

அதிகாரி முத்திரை குத்திவிட்டார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மிஷினைத் தூக்கக் கூலிக்காரன் குனிந்தான். போவதற்கு முன்னால் மைமூன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த தடவை வேற ஆளை நம்பாதே தம்பி. என்ன எழுதுதுன்னு நீயே பக்கத்துல இருந்து பாத்து எழுது. என்ன?”

“சரி லாத்தா” என்றான் மன்சூர் அலி.